ஆள் உள்ளே

கும்மிடிப்பூண்டி
4-8-2003

அன்புள்ள அக்காவுக்கு, குணா எழுதுவது.

அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பெங்களூர்க் குளிரில் நீயும் ரஃபி மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நைனாவைப் பற்றி நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. பழவேற்காட்டு கமால் பாய் மகனை நீ கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இன்னமும் வீட்டில் உன் பெயரை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

அக்கா, நான் பயந்து போயிருக்கிறேன். போன வாரம் எங்கள் ஃபேக்டரியில் ஒரு ஆள் சாகப் பார்த்தார். நான்தான் காரணம் என்கிறார்கள்.

பெயிண்டுக்குப் பிசின் காய்ச்சும் இடம் இது என்பது உனக்குத் தெரியும். காய்ச்சுகிற பாத்திரத்துக்கு கெட்டில் என்று பெயர். பெயரைக் கேட்டு டீ போடுவது என்று நினைக்காதே. நம் வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம். நடுவில் ஒரு தண்டு, அதில் கலக்குகிற கத்திகள். பிசின் ஒட்டிக்கொண்டால் ஒரு ஆள் மேல் வாசல் வழியாக இறங்கிச் சுரண்ட வேண்டும். அவர் இறங்கும் முன் நான் பர்மிட் ரூம் கம்ப்யூட்டரில் 'ஆள் உள்ளே' என்று தட்டவேண்டும். அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் கம்ப்யூட்டரில் அது சிவப்பாகத் தெரியும். தெரிந்தால் அவர்கள் மோட்டாரைத் தொட மாட்டார்கள்.

நான் தட்டினேன் அக்கா. சேவ் கொடுத்தேன். 'சேவ் ஆகிவிட்டது' என்று திரையிலேயே வந்தது. ராஜமாணிக்கம் இறங்கினார். கன்ட்ரோல் ரூம் திரையில் கெட்டில் காலி என்று பச்சையாக இருந்ததாம். மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அவர் தண்டைக் கட்டிக்கொண்டு தொங்கியதால் காலோடு போயிற்று. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தட்டாம தட்டினேன்னு சொல்லிகினு இருக்கியா?" என்று கேட்டார். என் திரையில் அது இருக்கிறதே என்றேன். அப்புறம் தட்டியிருப்பாய் என்கிறார். போலீஸ் என்ற வார்த்தையும் வந்தது.

கம்ப்யூட்டர்கள் ஒன்றின் ஃபைலை ஒன்று படிப்பதுதான் உன் வேலை என்று முன்பு சொன்னாயே. எங்கே தப்பு நடந்திருக்கும், சொல். போனில் வேண்டாம். ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருக்கும் போன் பூத்தை நடத்துவது, கெட்டிலில் இறங்க ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரின் மைத்துனன். வீட்டு விலாசத்துக்கும் எழுதாதே, நைனா கையில் கிடைத்தால் கிழிப்பார். என்னோடு மாற்று ஷிஃப்ட் பார்க்கும் சுப்பிரமணியின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
குணாளன்

*

பெங்களூர்
11-8-2003

அன்புத் தம்பி குணா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். எனக்குத்தான் கொஞ்சம் அசதி, அது ஒன்றுமில்லை. அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டாள், நீயே கொடு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ தட்டினாய் என்பதை நான் நம்புகிறேன். நீ அக்காளிடம் பொய் சொன்னால் உன் எழுத்து கோணும். இதில் கோணவில்லை.

திரையில் 'சேவ் ஆகிவிட்டது' என்று வருகிறதே, அது முழு உண்மை இல்லை. நீ தட்டியது உன் மிஷினின் நினைவில்தான் போய் உட்காருகிறது. எல்லோருக்கும் பொதுவான சர்வர் என்ற பெரிய மிஷினுக்கு அது பிறகுதான் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் மெதுவாகிவிடும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் ஏரியில் பிடித்த மீனை ஒவ்வொன்றாகவா ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள்? கூடை நிறையட்டும் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அப்படித்தான். அந்த இடைவெளியில் வழியில் கரண்டு போய் வந்தாலோ ஒயர் பிடுங்கிக்கொண்டாலோ, நீ எழுதியது உன்னிடமே தங்கிவிடும். கன்ட்ரோல் ரூம் மிஷினும் தான் முன்பு படித்ததையே காட்டிக்கொண்டிருக்கும். உனக்குச் சிவப்பு, அவர்களுக்குப் பச்சை.

இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்னும் விவரம் வேண்டும். அந்த ஃபைலைக் காலையில் திறந்தால் எப்போது மூடுகிறீர்கள்? யார் போட்டுக் கொடுத்த ப்ரோக்ராம்? கரண்டு அடிக்கடி போகிறதா? எல்லாவற்றையும் எழுது.

நைனா ஏரிக்குப் போகிறாரா? இந்த வருஷம் இறால் உண்டா? அவர் என்னைத் திட்டினாலும் எனக்குக் கேட்கவேண்டும் போல இருக்கிறது.

பிரேமா

*

கும்மிடிப்பூண்டி
26-8-2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என்னை நம்புகிறேன் என்று எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். அசதி என்று எழுதியிருக்கிறாய், டாக்டரிடம் காட்டினாயா? இங்கே எல்லோரும் சுகம்.

நீ கேட்டதற்குப் பதில். ப்ரோக்ராம் போட்டவர் சென்னையில் ஒருவர். முன்பு ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று மேனேஜர் சத்தம் போட்டதும், வந்து என்னவோ மாற்றி வேகமாக்கிவிட்டுப் போனார். கரண்டு தினமும் கண் சிமிட்டும். ஃபைலை ஷிஃப்ட் ஆரம்பத்தில் திறப்போம். ஷிஃப்ட் முடியும்வரை திறந்தேதான் இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது க்ளோஸ் பக்கம் யாரும் போக மாட்டோம். கன்ட்ரோல் ரூமிலும் அப்படியே.

முன்பெல்லாம் மோட்டார் ஸ்விட்சில் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை இறங்குகிறவரே இடுப்பில் செருகிக்கொள்வாராம். கம்ப்யூட்டர் வந்ததும் பூட்டு எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். திரும்பப் போடுங்கள் என்று கேட்டேன். "ஒன் தப்ப மறைக்க பூட்டு கேக்குறியா?" என்றார் மேனேஜர்.

ராஜமாணிக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் இடத்தில் புதிதாக ஒருவரை இறக்குகிறார்கள். வயதானவர். நன்றாக வேலை செய்கிறார். அவர் உள்ளே இருக்கும்போது எனக்குத் தண்ணீர்கூட இறங்குவதில்லை.

நைனா நன்றாக இருக்கிறார். வேலைக்குப் போய்வருகிறார்.

குணாளன்

*

பெங்களூர்
3-9-2003

அன்புள்ள குணா,

உடம்பைப் பார்த்துக்கொள், தண்ணீர் குடி. நீ மயங்கி விழுந்தால் யார் தட்டுவார்கள்? நான் டாக்டரைப் பார்த்தேன், கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

நேற்று எங்கள் லேபில் இரண்டு மிஷினை எடுத்து, உங்கள் இடத்தில் இருப்பது போலவே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 'ஆள் உள்ளே' என்று எழுதி சேவ் கொடுத்து, ஃபைலை மூடாமல், நடுவில் ஒயரைப் பிடுங்கினேன். பக்கத்து மிஷினில் காலி என்றே நின்றது. ஒயரைத் திரும்ப மாட்டிய பிறகும் நெடுநேரம் காலிதான். நானே செய்த சோதனை, உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பச்சையைப் பார்க்க முடியாமல் திரையை அணைத்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

இந்த மாதிரி ஏற்பாட்டில் மிஷின் கொடுக்கும் வாக்கு ஒன்றே ஒன்றுதான். எழுதுகிறவர் ஃபைலை மூட வேண்டும், அதன் பிறகு படிக்கிறவர் புதிதாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் இவர் எழுதியது அவர் கண்ணுக்குத் தெரியும். இரண்டில் ஒன்று தவறினாலும் வாக்கு கிடையாது. நீங்கள் இருவருமே நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறீர்கள். ராஜமாணிக்கம் ஏன் அடிபட்டார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை மற்றவர்கள் எப்படி அடிபடாமல் இருந்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மேனேஜரிடம் மறுபடி பூட்டைக் கேள். திட்டினால் திட்டட்டும்.

வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஏரிக்குப் போவதை வேலைக்குப் போவது என்று நம் வீட்டில் யார் சொல்வார்கள்? என்ன வேலை?

பிரேமா

*

கும்மிடிப்பூண்டி
1-10-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்கால் தேவலை. நீ டாக்டரிடம் போனதைச் சொன்னேன். என்னவாம் என்று துருவித் துருவிக் கேட்கிறாள்.

பூட்டைக் கேட்டேன். வாயைத் திறந்தால் ராஜமாணிக்கம் கேஸில் என் பெயரைச் சேர்ப்பேன் என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். நான் விட்டால் என் நாற்காலியில் வேறொருவன் உட்காருவான். அவனுக்கு இது எதுவும் தெரியாது. பெரியவர் அப்போதும் இறங்குவார்.

அவர் இறங்கும் முன் பர்மிட் ரூம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "தட்டிட்டியா?" என்று கேட்பார். தட்டிவிட்டேன் என்று தலையாட்டுவேன். அவருக்கு அது போதும், இறங்கிவிடுவார். தட்டுவதற்கும் போய்ச் சேருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் வேலையை விடுவார். விட்டால் வீடு நடக்காது. அவர் வீட்டைச் சொல்கிறேன்.

நான் தட்டிவிட்டுக் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடிப்போய் என் கண்ணால் சிவப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன். எல்லா நாளும் ஓட முடியவில்லை. சுப்பிரமணி ஷிஃப்டில் யார் ஓடுவார்கள்?

நீ ஒன்று செய். ஒரு தாளில், சுவரில் ஒட்டுகிற மாதிரி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, என்ன செய்யவேண்டும் என்று எழுதி அனுப்பு. பெங்களூர் இன்ஜினியர் எழுதியது என்றால் சூப்பர்வைசர் மதிப்பார். எட்டாம் தேதியிலிருந்து என்னை சென்னைக்குத் தீயணைப்புப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கடம்பத்தூரில் பூவம்மாள் சித்தி வீட்டில் தங்கிப் போய்வருவேன். அதனால் உன் கடிதத்தை சுப்பிரமணியே பிரித்துத் தாளை ஒட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

குணாளன்

*

பெங்களூர்
7-10-2003

அன்புள்ள குணா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா துருவினால் துருவட்டும், பதில் சொல்லாதே. என்னால் இப்போது பிரயாணம் செய்ய முடியாது. இல்லையென்றால் நானே வந்து அந்த மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

தாள் இத்துடன் இருக்கிறது. இரண்டு பிரதி, ஒன்று பர்மிட் ரூமுக்கு, ஒன்று கன்ட்ரோல் ரூமுக்கு. பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டாம், இருக்கிறபடியே செய்யச் சொல்:

"ஆள் உள்ளே என்று தட்டி சேவ் கொடுத்தவுடன், தாமதிக்காமல் க்ளோஸ் செய்யவும். க்ளோஸ் செய்யாமல் யாரையும் கெட்டிலில் இறக்கக் கூடாது. கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு முறையும் பழைய திரையை நம்பாமல், ஃபைலைப் புதிதாகத் திறந்து பார்க்கவும். அப்போது தெரிவதே சரி."

இதன்படி நடந்தால் அந்தப் பெரியவர் பத்திரமாக இருப்பார். லேபில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. நீ இனி ஓட வேண்டாம்.

நைனா என்ன வேலைக்குப் போகிறார் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

பிரேமா

*

கடம்பத்தூர்
9-10-2003

அன்புள்ள அக்காவுக்கு,

சித்தி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். சித்தி உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். அவளுக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லையாம். நீ அனுப்பிய தாள் இன்னும் வந்திருக்காது, அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால் தைரியம் வந்து இதை எழுதுகிறேன். அந்தப் பெரியவர் நம் நைனாதான்.

ஏரியில் இரண்டு வருஷமாக ஒன்றுமில்லை. வலையை விற்றாயிற்று. ராஜமாணிக்கம் அடிபட்ட மறு வாரம் கான்ட்ராக்டர் ஆள் தேடினார். யாரும் வரவில்லை. நைனா போய் நின்றார். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "நீதான தட்டப் போற? பின்ன இன்னா பயம்?" என்றார். உனக்கு மட்டும் தெரியக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன்.

நான் இங்கே இருக்கும் நாட்களில் சுப்பிரமணிதான் அவருக்குத் தட்டுகிறான். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். அது ஒன்றுதான் ஆறுதல்.

ஃபைலை நாங்கள் ஏன் திறந்தே வைத்திருக்கிறோம் என்று உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். எங்கள் இடத்தில் க்ளோஸ் என்றால் வேலை முடிந்தது, ஆள் வெளியே வந்தாயிற்று, மிஷினை ஓட்டலாம் என்று அர்த்தம். திரையின் கீழே க்ளோஸ் என்றே ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் சிவப்பு போய்ப் பச்சை வரும். மூலையில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறிதான் ஃபைலை மூடுவது. ஆனால் அதுவும் க்ளோஸ்தானே என்ற பயத்தில் ஆள் உள்ளே இருக்கையில் எங்கள் கை அந்தப் பக்கமே போகாது.

என்மேல் கோபப்படாதே அக்கா.

குணா

*

பெங்களூர்
13-10-2003

குணா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நலம் விசாரிக்க எனக்கு இப்போது முடியவில்லை.

நான் எழுதிய க்ளோஸ் ஃபைலை மூடுவது. அவர்கள் படிக்கப் போகும் க்ளோஸ் மோட்டாரைப் போடுவது. தாமதிக்காமல் என்று எழுதினேன். வியாக்கியானம் வேண்டாம் என்று எழுதினேன். கன்ட்ரோல் ரூமில் அப்போது தெரிவதே சரி என்று எழுதினேன். என் கையால், பெரிய எழுத்தில்.

என் தாள் சனிக்கிழமையே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இன்று திங்கட்கிழமை.

ஃபேக்டரி நம்பரைக் கண்டுபிடித்துப் போன் செய்தேன். கேட்டில் இருப்பவன் பர்மிட் ரூமுக்கு லைன் தர மாட்டேன் என்கிறான். உயிர் போகிற விஷயம் என்றேன். யார் உயிர் என்று கேட்டான். நைனா பெயரைச் சொன்னேன், அருணகிரி, கான்ட்ராக்ட் ஆள் என்று. கான்ட்ராக்ட் ஆளுக்குப் போன் வராது என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். சித்தி வீட்டில் போன் கிடையாது. நம் வீட்டிலும் கிடையாது. ரஃபி கம்பெனி வேலையாக மங்களூரில் இருக்கிறார்.

தந்தி ஆபீஸுக்கு வந்து வீட்டுக்கு அவசரத் தந்தி கொடுத்துவிட்டேன். இங்கே தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கச் சொன்னேன். 'பர்மிட் க்ளோஸ் வேண்டாம். நைனா இறங்க வேண்டாம். பிரேமா.' வேறு யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதே கவுன்டரில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், எப்படி முடிந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது குணா.

உடனே எழுது. எதுவானாலும் எழுது.

பிரேமா

*

கும்மிடிப்பூண்டி
15-10-2003

அன்புள்ள அக்கா,

நைனா உயிரோடு இருக்கிறார். மேலே ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மற்றதைப் படி. உனக்குப் போன் செய்யலாம் என்று நேற்று மீஞ்சூர்வரை போய் பூத்தில் நின்றேன். உன் ஆபீஸில் எடுத்தவர்கள் நீ லீவு என்றார்கள். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

சேதி கேட்டுப் பயிற்சியை விட்டுவிட்டு வந்தேன். நடந்ததை சுப்பிரமணி அழுதுகொண்டே சொன்னான். உன் தாள் சனிக்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கெட்டில் வேலை இல்லை. திங்கட்கிழமை இரண்டு ரூமிலும் ஒட்டினான். மத்தியானம் நைனா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாசலில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுப்பிரமணி 'ஆள் உள்ளே' என்று தட்டி சேவ் கொடுத்தான். க்ளோஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கை வரவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். "பெங்களூர் இஞ்சினியர் அம்மா எய்திகீது, நமக்குத் தெரியாததா அவங்களுக்கு? புது சிஸ்டம் போல கீது. செய்யி" என்று அவர் சொல்லியிருக்கிறார். பட்டனை அமுக்கிவிட்டான்.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவரும் உன் தாளின்படி பழைய திரையை நம்பவில்லை. ஃபைலைப் புதிதாகத் திறந்தார். பச்சை தெரிந்தது. முன்பெல்லாம் அவருக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது இருக்குமாம், இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம். அன்றைக்கு அதுவும் இல்லை. போடும் முன் மோட்டாரில் எண்ணெய் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கேட்டில் அம்மா வந்து விழுந்தாள். தந்திக்காரர் "பெங்களூர் தந்தி" என்று சொன்னதுதான் அவள் காதில் விழுந்தது. பிரிக்கச் சொல்லவே இல்லை, பிரித்தால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமாம். தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து, "எம் பொண்ணு பூட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். சாவுச் செய்தி என்றதும் கேட்டுக்காரன்கூட வழிவிட்டான். ஒருவன் ஓடிப்போய்க் கெட்டில் வாசலில் குனிந்து, "அருணகிரி, உம் பொண்ணு செத்துட்ச்சாம்" என்று சொல்லியிருக்கிறான். நைனா கயிற்றை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு ஏறி வந்து ஓடினார்.

அவர் கேட்டை அடைவதற்குள் மோட்டாரைப் போட்டார்கள். வாசலில் நின்றவர் கையிலிருந்து கயிறு பிடுங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நான் மறுநாள் போய்ப் பார்த்தேன் அக்கா. கயிறு முழுக்கத் தண்டில் சுற்றி இறுகிக் கிடக்கிறது. வெட்டித்தான் எடுத்தார்கள்.

மேனேஜர் என்ன சொல்கிறார் தெரியுமா? பர்மிட் ரூமிலும் பச்சை, கன்ட்ரோல் ரூமிலும் பச்சை, இரண்டும் ஒன்றாக இருந்ததே, சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்தது என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இந்தத் தடவை அவர் சொல்வது உண்மை. முதல்முறையாக இரண்டு மிஷினும் ஒரே பேச்சைப் பேசின, பேசியது பொய்.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். நீ எழுதியதில் தப்பில்லை என்று உன்னைத் தேற்ற வரவில்லை. எங்கள் வார்த்தையை நீ கேட்கவில்லை, நானும் நேரத்தில் சொல்லவில்லை. நீ சாப்பிடு, தூங்கு.

நைனா உனக்கு எழுதவேண்டும் என்கிறார். அவர் சொல்லச் சொல்ல அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாதாம்.

குணா

*

பிரேமாவுக்கு நைனா சொல்றது.

நல்லா கீறியா? உங்க வூட்டுக்காரு நல்லா கீறாரா? நாங்க கீறோம்.

தந்தி அட்ச்சா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? அத்தினி படிச்சியே. ஒருத்தன் வந்து நீ செத்துட்டேன்னு சொல்றான். நான் எப்டி மேல ஏறுனேன்னு எனக்கே தெரியல. கேட்டாண்ட வந்து மண்ணுல உக்காந்து உம் பேர சொல்லி அழுதேன். ரெண்டு வருசமா வாயில எடுக்காத பேரு. அப்பறமா வாட்ச்மேன் தந்தியப் பிரிச்சு எழுத்துக் கூட்டிப் பட்ச்சான். "யோவ், இது சாவுத் தந்தி இல்லய்யா. உன்னை உள்ள எறங்காதன்னு உம் பொண்ணு சொல்லுது"ன்னான். நான் அவன் கைய புட்ச்சுகினு இன்னொரு தபா படிக்கச் சொன்னேன்.

அந்தக் கயித்தப் பாத்தேன். பயந்துட்டேன். இத்தினி வருசம் ஏரியில காத்துலயும் மழையிலயும் கெடந்தவன், இப்ப ஒரு பட்டனுக்குப் பயப்படுறேன்.

கான்ட்ராக்டர் திங்கக்கெழம வரச் சொல்லிகீறான். நான் எறங்க மாட்டேன்னுட்டேன். கெட்டில்ல எறங்குற மத்த ரெண்டு பேரையும் எறங்காதீங்கன்னு சொல்லி வெச்சுகீறேன். எத்தினி நாளு நிப்பாங்கன்னு தெரியல, அவங்க ஊட்லயும் அடுப்பு எரியணும் இல்ல. அத்தொட்டு சொல்றேன், இனிமே கடுதாசியில ஒண்ணும் எழுதாத. நீ ஒண்ணு எழுதுற, இங்க வேற ஒண்ணு ஆவுது. வந்து உங் கண்ணால அந்த மிஷினப் பாரு. எங்க ஆளுங்க இன்னா பேசறாங்கன்னு கேளு. பாத்துட்டு எங்கிட்ட வாயால சொல்லு. நீ சொன்னா எறங்குறேன். நீ வாணான்னா வாணாம்.

பஸ்ஸுல வர முடியாத மாதிரி இன்னாவோ உனக்குன்னு குணா சொன்னான். உங்கம்மா சிரிக்கிறா. எத்தினி மாசம்னு கேக்கச் சொல்றா. அப்டின்னா ரயில்ல படுத்துகினு வா. தனியா வராத, ரஃபியையும் இட்டுகினு வா. நான் ஸ்டேசனாண்ட வந்து நிக்கிறேன்.

வாட்ச்மேன் எத்தினியோ தபா பட்ச்சுக் காட்டிட்டான். தந்தியில உம் பேரும் கீது. ஆனா நீ செத்துட்டேன்னு கேட்ட காது இன்னும் அடங்கல. வந்து மூஞ்சியக் காட்டு.

அருணகிரி